பெட்டிக்கு வேடம் கட்டாதீர்கள்: சுருட்டுப்பெட்டி கிட்டார் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

கடையில் நல்ல கிட்டார் வாங்க வசதி இருந்தும், ஒரு காலி சுருட்டுப்பெட்டி, ஒரு மரச்சட்டம், மூன்று கம்பி என்று சேர்த்துக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்து சொந்தக் கையால் வாத்தியம் செய்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். அறுப்பதையும் ஒட்டுவதையும் பற்றி நீங்கள் நிறையப் பேசிவிட்டீர்கள். நான் பேச வந்தது அலங்காரத்தைப் பற்றி.

"இந்தக் கிட்டாருக்கு என்ன தீம் வைக்கலாம்?" என்ற கேள்வி பெரும்பாலும் வேலை முக்கால்வாசி முடிந்த பிறகுதான் எழுகிறது. கழுத்துச் சட்டம் ஏறிவிட்டது, ஒலித்துளை போட்டாயிற்று, பெட்டி மொட்டையாகத் தெரிகிறது, எதையாவது வரையலாமே என்று கை பரபரக்கிறது. அப்போது மனசில் வந்து நிற்பவை எப்போதும் அதே சங்கதிகள்தான்: மண்டையோடு, விஸ்கி பாட்டில், பழைய கார், ரூட் 66 பலகை, துருப்பிடித்த தகரம், பித்தளைப் பல்சக்கரம். இவற்றில் எதையும் நான் பழிக்கவில்லை. ஆனால் இவை எந்தப் பெட்டிக்கும் பொருந்திவிடும். எந்தப் பெட்டிக்கும் பொருந்துகிற ஒன்று, உங்கள் மடியில் இருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

என் வேண்டுகோள் இதுதான். முதல் துளை போடுவதற்கு முன்பே கருவை முடிவுசெய்யுங்கள். அதைத் தேடி வெளியே போகாதீர்கள். பெட்டி எங்கிருந்து வந்தது, என்ன சத்தம் கொடுக்கப்போகிறது, யார் வாசிக்கப்போகிறார் என்ற மூன்றுக்குள்ளேயே தேடுங்கள்.

பெட்டியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு அலங்காரம் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுருட்டுகள் பெரிய பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் மொத்தமாகப் போய்க்கொண்டிருந்தன. 1840கள் வாக்கில்தான் கையில் எடுத்துப் போகக்கூடிய சிறு பெட்டிகள் புழக்கத்துக்கு வந்தன. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, போர்ச் செலவுக்காக அரசு சுருட்டுக்கும் வரி போட்டது. வரி முத்திரையை எதன்மேல் ஒட்டுவது? சுருட்டை எண்ணிப் பெட்டியில் அடைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கூடவே, காலியான பெட்டியில் மறுபடி சுருட்டு அடைப்பது தண்டனைக்குரியது என்று பெட்டியின் மேலேயே எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டப்பட்டது. வியாபாரிக்கு இனி உதவாத, ஆனால் அழகாகச் செய்யப்பட்ட, மெல்லிய, உலர்ந்த மரப்பெட்டிகள் நாடு முழுவதும் வீடுகளில் குவிந்தது இப்படித்தான். நல்ல பெட்டிகளின் மரம் ஸ்பானிஷ் சீடர் என்று பெயர் பெற்றது. மகோகனியும் நம் வேம்பும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்து மரம் அது. எடை குறைவு, பூச்சி அரிக்காது, தட்டினால் பேசும்.

அந்தப் போர்க்களத்தை ஓவியங்களாகப் பதிவுசெய்தவர் எட்வின் ஃபோர்ப்ஸ். 1876இல் பதிப்புரிமை பெற்ற அவரது செதுக்கோவியம் ஒன்றில், முகாமில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பாய் சுருட்டுப்பெட்டியில் செய்த ஃபிடிலை வாசிக்கிறார். சுருட்டுப்பெட்டி வாத்தியத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரம் அதுதான் என்பார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியின்மேல் 'ஃபிகாரோ' என்ற சுருட்டின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. சிப்பாய் அதைச் சுரண்டவில்லை, மேலே எதையும் பூசவும் இல்லை. ஓவியரும் அதை விட்டுவிடவில்லை. நம் கலையின் முதல் சித்திரத்திலேயே பெட்டி தன் பெயரோடுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். டெக்சாஸின் லைட்னின் ஹாப்கின்ஸ் சிறுவனாக இருந்தபோது செய்த முதல் கிட்டார் சுருட்டுப்பெட்டியில்தான். கோழிக்கூண்டுக் கம்பிதான் தந்தி. டென்னசியில் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அவர் அப்பா சுருட்டுப்பெட்டியையும் விளக்குமாற்றுக் கட்டையையும் சேர்த்து ஒன்று செய்து கொடுத்தார். கண் தெரியாத வில்லி ஜான்சனுக்கும் முதல் வாத்தியம் அப்பா செய்துகொடுத்த பெட்டிதான் என்று சொல்வார்கள். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய தங்கத்தட்டில் அவருடைய ஸ்லைடு கிட்டார் இசையும் போயிருக்கிறது.

இந்த வரிசையில் நான் அதிகம் நினைப்பது சார்லி கிறிஸ்டியனை. ஓக்லஹோமா சிட்டியில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளியில், கைத்தொழில் வகுப்பில் அவர் சுருட்டுப்பெட்டியில் கிட்டார் செய்து வாசித்ததை எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் 1958இல் எழுதியிருக்கிறார். எல்லிசன் கவனித்துச் சொல்லும் ஒரு விஷயம் நமக்கு முக்கியம். அந்தப் பையன் பெட்டியில் வாசித்தது தெருவோர ப்ளூஸ்காரர்களைப் பார்த்துப் போட்ட நகல் அல்ல. அவர்களுக்குத் தெரியாத நுணுக்கமான கார்டுகள் அதில் இருந்தன. 1939இல் அதே பையன் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, மின்கிட்டாருக்கு ஜாஸில் தனி இடம் வாங்கிக் கொடுத்தார்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் விரும்பிக் கையிலெடுக்கும் ஒரு கருவைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. ப்ளூஸின் ஊரான மிசிசிப்பி டெல்டாவை நினைத்துச் செய்வதால் 'டெல்டா வறுமை' என்று அதைச் சொல்லலாம். புதுப் பெட்டியை வாங்கி உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்குவது, தேநீர்க் கறை ஏற்றுவது, பளபளக்கும் ட்யூனிங் கீயை உப்பும் வினிகரும் போட்டுத் துருவேற்றுவது, சணல் கயிறு சுற்றுவது, குடிசையும் பருத்திச் செடியும் வரைவது. நண்பர்களே, இதை விட்டுவிடுங்கள். கோழிக்கூண்டுக் கம்பியை இழுத்துக் கட்டிய சிறுவனுக்கு வேறு கம்பி இல்லை. கிடைத்திருந்தால் நல்ல கம்பியைத்தான் கட்டியிருப்பான். விளக்குமாற்றுக் கட்டையில் கழுத்து செய்த அப்பா அதை முடிந்தவரை வழவழப்பாகத்தான் தேய்த்திருப்பார், பையனின் கையில் சிராய் ஏறக்கூடாதே என்று. அவர்கள் ஒருவரும் ஏழ்மை தெரியட்டும் என்று வாத்தியம் செய்யவில்லை. தங்களால் ஆன நல்ல கிட்டாரைச் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லாததால் வந்த தோற்றத்தை நாம் காசு செலவழித்து வேடமாக வாங்கிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களை மதிக்க வேண்டுமானால் அவர்கள் செய்ததையே நாமும் செய்யலாம்: கைவசம் உண்மையாக இருப்பதைக் கொண்டு, முடிந்தவரை நன்றாக. துரு தானாக ஏறியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு உரிமை இருக்கிறது.

கார் நம்பர் பலகையும் இப்படித்தான். மிசிசிப்பி மாநிலப் பலகை ஒன்றை இணையத்தில் வாங்கிப் பெட்டியில் ஆணியடிப்பதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரிவதில்லை. உங்கள் தாத்தா ஓட்டிய வண்டியின் பலகை என்றால் அது வேறு. அதைக் கண்டிப்பாகப் போடுங்கள். பல்சக்கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுழலாத பல்சக்கரத்தை ஒட்டுவதைவிட, சுழலும் ஒன்றை, அதாவது ட்யூனிங் கீயின் சின்னப் பல்சக்கரத்தையே மூடியில்லாத வகையாக வாங்கி வெளியே தெரிய வையுங்கள். பார்க்கவும் அழகு, அதற்கு வேலையும் இருக்கிறது.

சரி, பெட்டிக்குள்ளேயே கருவைத் தேடுவது எப்படி? ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு மோன்டெகிறிஸ்டோ பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஃபிளேர்-டி-லி மலர்ச்சின்னம், அதைச் சுற்றி முக்கோணமாக ஆறு வாள்கள். வாளைப் பார்த்ததும் கடற்கொள்ளையர், கப்பல், புதையல் வரைபடம் என்று மனம் ஓடும். ஓடவிடாதீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து இலை சுருட்டும் தொழிலாளர்களுக்கு, உயரமான மேடையில் அமர்ந்து ஒருவர் வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. 1865இல் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில் அது தொடங்கியது. காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். ஃப்ளோரிடாவில் கியூபர்கள் குடியேறிய டாம்பாவின் யீபோர் சிட்டிக்கும் அந்த வழக்கம் கூடவே போனது. அங்கே வாசிப்பவருக்குச் சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. அரசியல் வாசிக்கிறார்கள் என்று 1931இல் டாம்பாவில் வாசிப்பவர்களை நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் அந்த மேடைகள் திரும்பவில்லை. கியூபாவில் வழக்கம் நிலைத்தது. அங்கே தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட நாவல்களில் ஒன்று அலெக்சாந்தர் டூமா எழுதிய மோன்டெகிறிஸ்டோ பிரபுவின் கதை. 1935இல் வந்த சுருட்டுக்கு அந்தப் பெயர் வைத்தது இதனால்தான்.

இப்போது உங்கள் பெட்டிக்குக் கரு கிடைத்துவிட்டது: வாசிக்கக் கேட்பது. கொள்ளையரும் புதையலும் வேண்டாம்.

அதை எப்படிக் காட்டுவது? புத்தகப் படத்தை மேலே ஒட்டுவது சோம்பேறி வழி. ஒலித்துளையிலிருந்து தொடங்குங்கள். வட்டத் துளைக்குப் பதிலாக, பெட்டியின் மேல்மூலையில் மெல்லிய கோடுகளாக அறுத்தெடுக்கலாம். ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழெட்டுப் பிளவுகள், கடைசிப் பிளவு மட்டும் பாதியில் நிற்கட்டும். ஒரு பத்தி முடிவதுபோல் தெரியும். மெல்லிய ரம்பத்தால் பொறுமையாகச் செய்தால் ஒரு மாலை வேலை. பக்கவாட்டுப் பலகையில், கிட்டார் செய்து முடித்த நாளின் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டி, மேலே மெல்லிசாக அரக்கு வார்னிஷ் பூசுங்கள். தேதி அதிலேயே இருக்கும். அவ்வளவுதான். வாள் சின்னம் தன் இடத்தில் இருக்கட்டும். அதைத் தொடவே தேவையில்லை. பார்ப்பவர் கேட்டால் கதையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் கிட்டார் நன்றாகவே இருக்கும்.

பெட்டியின் உட்புறப் படத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப்பெட்டியின் முழு அழகும் மூடியின் உள்பக்கத்தில்தான் ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் மூடியைத் திறந்து வைத்தால் வாடிக்கையாளர் கண்ணில் படுவது அதுதானே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சீட்டுகளைக் கல் அச்சில் அடித்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். பத்துப் பன்னிரண்டு நிறங்கள்கூடப் போகும். அதன்மேல் தங்கப்பொடி, புடைப்பு அச்சு. நாமோ மூடியை ஒலிப்பலகையாக்கி, கழுத்துச் சட்டத்தை உள்ளே விட்டு, ஒட்டி மூடிவிடுகிறோம். பெட்டிக்குள் இருந்த படம் பிறகு யார் கண்ணிலும் படுவதில்லை. இதற்கு எளிய வழி உண்டு. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பலகையை ஒலிப்பலகையாக்குங்கள். மூடி முதுகுப்பக்கம் போகட்டும். கீலும் கொக்கியும் அப்படியே இருக்கும். பிக்கப் கம்பி அறுந்தால் திறந்து சரிசெய்யலாம், திறக்கும்போதெல்லாம் படமும் கண்ணில் படும். அடிப்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் சத்தம் கொஞ்சம் மந்தமாகும். நல்ல மரமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இனி சத்தம். அலங்காரத்துக்கும் சத்தத்துக்கும் சண்டை வரும் இடம் ஒலிப்பலகை. பெரும்பாலான பெட்டிகளின் மூடி 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம்தான். கம்பி அதிர்வது பிரிட்ஜ் வழியாக இந்தப் பலகைக்குப் போய், பலகை காற்றைத் தள்ளினால்தான் நமக்குக் காதில் விழும். அதனால்தான் உள்ளே போகும் கழுத்துச் சட்டத்தை மூடியைத் தொடாமல் ஒரு நூல் அளவு இழைத்துத் தாழ்த்துகிறோம். இவ்வளவு பாடுபட்டுப் பலகையை ஆடவிட்டு, அதன் நடுவிலேயே, பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைச் சின்னத்தை ஒட்டினால் என்ன ஆகும்? பலகை அசையாது. கனமான அக்ரிலிக் பெயின்ட்டை மூன்று கோட்டிங் அடித்து, மேலே கண்ணாடிபோல் எபாக்ஸி ஊற்றினாலும் இதே கதிதான். பார்க்கப் பளபளக்கும் அந்தப் பெட்டி, பிளக் செருகாமல் வாசித்தால் முணுமுணுக்கும். பியெஸோ வட்டு வைத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெட்டியில் எது தளர்ந்திருந்தாலும் அந்த வட்டு பிடித்துவிடும். ஒழுங்காக இறுகாத அலங்காரத் தகடு ஒன்று ஸ்பீக்கரில் எவ்வளவு பெரிய கிலுகிலுப்பை ஆகிவிடும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆகவே அலங்காரத்தை, எப்படியும் அங்கே இருந்தாக வேண்டிய பாகங்களுக்கு ஏற்றுங்கள். பிரிட்ஜ் ஒன்று வேண்டும். அது திருகாணியாக இருக்கலாம், பழைய சாவியாக இருக்கலாம், எலும்புத் துண்டாக இருக்கலாம். கம்பியைக் கீழே பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும்; கதவுக் கீல் அந்த வேலையை அருமையாகச் செய்யும், அது எந்தக் கதவின் கீல் என்பதில் ஒரு வீடே இருக்கலாம். ஒலித்துளைக்கு வலை வேண்டுமானால், தேநீர் வடிகட்டியிலிருந்து சமையலறைத் தொட்டியின் சல்லடை வரை எத்தனையோ இருக்கின்றன. தலைப்பகுதியை எப்படியும் அறுத்து வடிவம் கொடுக்கத்தான் போகிறீர்கள். நட், தோள்வார்ப் பொத்தான், ஜாக் தகடு என்று இப்படியே போகலாம். இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் கருவைச் சுமக்கும், வாத்தியத்துக்குப் பாரமும் ஆகாது.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஃப்ரெட் அடையாளங்கள். மூன்று கம்பிக் கிட்டாரில் நம்மில் பெரும்பாலோர் வைக்கும் சுருதி ஜி-டி-ஜி. சாதாரண அக்கூஸ்டிக் செட்டின் ஏ, டி, ஜி கம்பிகளை எடுத்து, ஏ கம்பியை மட்டும் ஜிக்கு இறக்கினால் போதும். நம் காதுக்கு அது கீழ் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம். நடுவில் காந்தாரம் கிடையாது. அதனால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம். ஃப்ரெட் வைக்காமல் ஸ்லைடு போட்டு இழுத்தால் நமக்குப் பழகிய கமகம் தானே வந்து உட்காரும். ப்ளூஸ் வாசிக்கத் தேவையான மூன்று கார்டுகளும் திறந்த கம்பியிலும், ஐந்தாவது ஃப்ரெட்டிலும், ஏழாவது ஃப்ரெட்டிலும் கிடைத்துவிடுகின்றன. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25 அங்குலம் என்றால், ஐந்தாவது நட்டிலிருந்து 6.27 அங்குலத்திலும், ஏழாவது 8.31 அங்குலத்திலும், பன்னிரண்டாவது சரியாக 12.5 அங்குலத்திலும் விழும். கைக்கு வழிகாட்டுகிற இடங்கள் இவைதான். இங்கே உங்கள் கருவின் சின்னத்தைப் பதியுங்கள். வாசிப்பவர் கண் ஒவ்வொரு பாட்டிலும் நூறு முறை அங்கே போகும். மூடியில் நீங்கள் வரைந்த படத்தை அவர் வாசிக்கும்போது பார்க்கவே மாட்டார். அவர் கை அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

வடிவத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். செவ்வகத்தைக் கிட்டார் வடிவமாக வளைத்துக்காட்டப் பாடுபடாதீர்கள். 1958இல் கிரெட்ஷ் நிறுவனம் ராக் இசைக்கலைஞர் போ டிட்லிக்காகச் செய்துகொடுத்த புகழ்பெற்ற மின்கிட்டாரே செவ்வகம்தான். 2012 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், நிர்வாணா குழுவில் மிஞ்சியவர்களோடு பால் மெக்கார்ட்னி மேடையேறியபோது அவர் தோளில் தொங்கியதும் சுருட்டுப்பெட்டிதான். பெட்டி என்று தெரிவதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பழைய சுருட்டுச் சீட்டுகளில் எல்லாமே அழகு இல்லை. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கியவை உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளை இறகுத் தொப்பி வைத்த பொம்மைகளாக்கியவை ஏராளம். 'பழமை அழகு' என்ற பெயரில் இவற்றை மறுபடி அச்சிட்டுக் கிட்டாரில் ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். கறுப்பின மக்களின் கையில் வளர்ந்த இசையை வாசிக்கப்போகிற பெட்டியில், அவர்களை இழிவுபடுத்தும் படத்தை ஒட்டுவது அநியாயம். இதில் ரசனை வேறுபாடு என்று பேச இடமில்லை. உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படையின் கொடிக்கும் இதையே சொல்வேன்.

அதேபோல, 1890களின் பெட்டி ஒன்று வரிமுத்திரையோடும் சீட்டுகளோடும் முழுசாகக் கிடைத்தால் தயவுசெய்து அதில் ரம்பத்தை வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது குப்பை, இன்று ஓர் ஆவணம். சீட்டை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் லேசர் அச்செடுத்து, இப்போதைய பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் ஓடிவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செய்கிறவர்கள் சிலர் 'நம் ஊர்க் கரு' வேண்டும் என்று கோபுரம், கோலம், மயில் என்று போகிறார்கள். கோலம் ஒலித்துளையாக அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் சுருட்டு என்ற பொருளிலேயே நமக்கு நேரான உறவு ஒன்று இருப்பதை ஏன் மறக்க வேண்டும்? திருச்சிச் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் லண்டன் வரை பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். உறையூர்ச் சுருட்டுக்காரர்களின் பழைய சீட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தால், அதைவிடப் பொருத்தமான கரு உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் அதைப் போலியாக உருவாக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உண்மையாக இருக்கும் பெட்டி எதுவோ, பிஸ்கட் டின்னோ தேயிலைப் பெட்டியோ, அதன் கதை போதும்.

யார் வாசிக்கப்போகிறார் என்பதைக் கடைசிக்கு வைத்தேன், ஆனால் முடிவுசெய்ய வேண்டியது அதுதான். சிறுவனுக்கோ சிறுமிக்கோ என்றால் கழுத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள், ஃப்ரெட் முனைகளை விரலில் உரசாதபடி அரம் போட்டு மழுக்குங்கள், கழன்று வாயில் போகக்கூடிய எதையும் ஒட்டாதீர்கள். அலங்காரத்தில் பாதியை அந்தப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். அது என்ன வரைந்தாலும் அழிக்காதீர்கள். மேடையில் வாசிக்கிறவருக்கு என்றால், தூரத்திலிருந்து ஒரே ஒரு வடிவம்தான் தெரியும், நுணுக்கமெல்லாம் வீண். விற்பதற்கு என்றால், வாங்குகிறவரிடம் பெட்டி எங்கே கிடைத்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். இணையத்தில் வாங்கிய பெட்டி என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் வெட்கம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பெட்டியை ஒட்டி மூடுவதற்கு முன், உள்பக்கப் பலகையில் பென்சிலால் நாலு வரி எழுதுங்கள்: பெட்டி எங்கே கிடைத்தது, கழுத்து என்ன மரம், யாருக்காகச் செய்தது, எந்த ஆண்டு. பேனா வேண்டாம், மை ஊறும். உங்கள் பெயரையும் போடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து இதைப் பழுதுபார்க்கத் திறக்கிறவருக்கு அது வேண்டும்.

அன்புடன்,
உங்களைப் போலவே பெட்டியோடு பழகும் ஒருவர்